வெற்றிச்செல்வி வண்டியின் நம்பர் விளக்கு

பெரம்பலூர் துறையூர் சாலையில், ஆசிப்பின் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கிய வெற்றிச்செல்வி கதவை ஓங்கி அறைந்து சாத்தினாள். பழைய அம்பாசிடர், அப்படிச் சாத்தினால்தான் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் அன்றைக்கு அவள் அறைந்தது அதற்காக இல்லை.

"மறுபடியும் போயிடுச்சு ஆசிப்பு. பின்னாடி நம்பர் லைட்டு."

ஆசிப் லெப்பைக்குடிகாட்டுக்காரன். குவைத்தில் பல வருஷம் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று ஊரோடு வந்து கடை போட்டவன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தான். "போன வாரந்தானக்கா ரெண்டு பல்பையும் மாத்துனேன்?"

"மாத்துன. அதுக்கு முந்துன கல்யாணத்துக்கும் மாத்துன, அதுக்கு முந்தியும் மாத்துன. வண்டி கல்யாணத்துக்குப் போயிட்டு வர்றதும் வெளக்கு அவிஞ்சுபோறதும்னா இது என்னா கூத்து? எவன் கை வைக்கிறான் என் வண்டியில?"

பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒரு நம்பர் பிளேட் விளக்குக்கு இத்தனை சத்தமா என்று அவர் நினைத்திருப்பார். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஹெட்லைட் போய்விட்டால் ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரியாது, அலறிக்கொண்டு பட்டறைக்கு ஓடி வருவான். பின்னால் நம்பருக்கு மேலே எரிகிற அந்தச் சின்ன விளக்கால் ஓட்டுகிறவனுக்கு என்ன லாபம்? ஒன்றும் கிடையாது. அது பின்னால் வருகிறவனுக்காக எரிவது, அடிபட்டு ரோட்டில் கிடக்கிறவனுக்காக எரிவது. அடுத்தவனுக்காக எரிகிற விளக்கு என்பதால்தான் அதை ஒருத்தனும் சீந்துவதில்லை.

வெற்றிச்செல்விக்கு அது தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் புருஷன் மணிவண்ணன் இதே வண்டியை வாடகைக்கு ஓட்டியவன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அரியலூரில் சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பொழுது மசங்குகிற நேரத்தில், வண்டியை ஓரங்கட்டிவிட்டு எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடைக்கு ரோட்டைக் கடந்தான். சீறிக்கொண்டு வந்த ஒரு கார் அவனைத் தூக்கி வீசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். வெள்ளை வண்டி என்றார் ஒருவர், இல்லை, சாம்பல் நிறம் என்றார் இன்னொருவர். நம்பர் என்ன என்று கேட்டதற்கு மட்டும் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "பின்னாடி வெளக்கே எரியலம்மா. இருட்டா இருந்துச்சு. எதைன்னு படிக்கிறது?"

ஸ்டேஷனில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதினார்கள். அவள் நடையாய் நடந்தாள். போகும்போதெல்லாம் அதே மூன்று வார்த்தையைத் திருப்பிச் சொன்னார்கள். அடையாளம் தெரியாத வாகனமாம்! ஒரு மனுஷனைக் கொல்லுகிற அளவுக்குப் பெரிய வண்டிக்கு, ஒரு சின்ன பல்பு எரியாததால் அடையாளமே இல்லாமல் போய்விட்டது.

வேப்பந்தட்டைப் பக்கம் பருத்திக்காட்டிலும் மக்காச்சோளக் காட்டிலும் கூலிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள் அவள். கல்யாணம் ஆகிற வரைக்கும் அவளும் சின்ன வெங்காயம் அறுக்கப் போனவள்தான். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் சேர்த்து, சொந்தமென்று காகிதத்தில் பதிந்த முதல் சொத்து இந்த வண்டிதான். அரசாங்க ஏலத்தில் மணிவண்ணன் எடுத்தது. ஏரி வற்றிக் கிடந்த ஒரு கோடையில், அந்தக் கட்டாந்தரையில் அவளுக்கு ஓட்டவும் சொல்லிக் கொடுத்தான். அவன் போன பிறகு வண்டியை விற்றுவிடு என்று சொந்தபந்தமெல்லாம் சொன்னது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தப் போன முதல் நாள், "பொம்பள வண்டிடோய், தள்ளி நில்லுங்க, ஏத்திடப் போவுது" என்று ஒருவன் கத்தினான். "ஏத்துனா உன் மேலதான் ஏத்துவேன், பயப்படாம நில்லு" என்று இவள் பதில் சொன்னாள். அதற்கப்புறம் யாரும் வாயைக் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி சவாரி, கோயில் சவாரி என்று எப்படியோ ஓடியது. அப்புறம் திடீரென்று கல்யாணம் கட்டுகிற பிள்ளைகளுக்கு அம்பாசிடர் மேல் ஆசை வந்தது. பொண்ணு மாப்பிள்ளை அதில் சாய்ந்து நின்று போட்டோ எடுத்தால்தான் கல்யாணம் என்று ஆகிவிட்டது. முகூர்த்த மாதங்களில் வெற்றிச்செல்வியின் வண்டிக்கு ஓய்வே இல்லை. அந்த வருமானம்தான் மீதி மாதங்களுக்கும் சோறு. சவாரி எல்லாம் முத்தமிழ்செல்வன் மூலமாக வரும். மண்டபத்துக்கும் வண்டிக்கும் பூ அலங்காரம் செய்கிறவன் அவன், பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவன் சொல்கிற வண்டிதான் கல்யாணத்துக்குப் போகும்.

இதில் ஓர் அசிங்கம் உண்டு. வண்டி வேண்டும், வண்டிக்காரி வேண்டாம்.

"வண்டிய மட்டும் அனுப்புங்கக்கா. டிரைவருக்கு நாங்க ஆளு பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க, நல்ல காரியம் பாருங்க" என்பார்கள். அவள் கழுத்தில் தாலி இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி மணப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாதாம். அவள் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிற சீட்டு ஆகும், அவள் கை பட்ட ஸ்டியரிங் ஆகும், அவள் போட்ட டீசல் ஆகும், அவள் மட்டும் ஆகாது! நன்றாக இருக்கிறதே நியாயம்! ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் சாவியை யாரோ ஒருவனிடம் கொடுத்துவிட்டு, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் வண்டி வரும், நம்பர் விளக்கு செத்திருக்கும்.

ஆசிப் விளக்கின் மூடியைக் கழற்றினான். "இங்க பாருங்கக்கா, பச்சை பூத்துக் கெடக்கு. பூவு வாடாம இருக்கணும்னு தண்ணி தெளிக்கிறானுவல்ல, அவ்வளவும் உள்ள எறங்கியிருக்கு." உப்புத்தாளால் ஹோல்டரைத் தேய்த்தான். பல்பை எடுத்து நேராக பேட்டரியில் தொட்டுப் பார்த்தான், பளிச்சென்று எரிந்தது. திரும்ப மாட்டினான், எரியவில்லை. டெஸ்ட் லாம்ப்பை வைத்துப் பார்த்தால் ஹோல்டருக்குக் கரண்டே வரவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே டிக்கிக் கதவின் கீல் வரைக்கும் போனான். அங்கே அவன் கை நின்றது.

"யா அல்லா! அக்கா, டிக்கிய தெறந்து தெறந்து மூடி அறுந்திருக்கும்னு நெனச்சேன். இது அறுந்தது இல்ல. கட்டிங் பிளேயர் வச்சு வெட்டியிருக்கான்."

கூடவே விளக்கின் கண்ணாடியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக் காட்டினான். உருகி ஒட்டிய தெர்மாகோல்.

வெற்றிச்செல்விக்கு அந்த இடத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் வெட்டி ஒட்டிய தெர்மாகோல் பலகையைக் கொண்டுபோய் நம்பர் பிளேட்டின் மேலேயே வைத்துக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஊரில் இருக்கிற எல்லாக் கல்யாண வண்டியும் அப்படித்தான் ஓடுகிறது. போனை எடுத்து முத்தமிழ்செல்வனைக் கூப்பிட்டாள், ஆசிப்பும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த ஒயரா? நான்தான்க்கா வெட்டுனேன்" என்றான் அவன், ஏதோ காய்ந்த கிளையை ஒடித்துப் போட்டவன் மாதிரி. "பல்பு சூட்டுல போர்டு உருகிப்போயி மாப்ள பேருல பாதியக் காணோம். போட்டோவுல பேரு வர வேணாமா? பூச்சட்டம் கட்டுறதுக்கும் அந்த வெளக்குதான் தோதா இருக்கு, கம்பிய அதுலதான் முறுக்குவேன். கல்யாண வண்டிக்கு நம்பர் யாருக்குக்கா வேணும்?"

ஆசிப் கண்ணை மூடிக்கொண்டான். வரப்போவது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"யாருக்கு வேணுமா? எனக்கு வேணும்டா! பாவிப்பயலே, எனக்கு வேணும்! என் புருசன் ரத்தத்துல கெடந்தப்ப வேணும்னு கேட்டேன், ஒருத்தனும் சொல்லல. எவனோ ஒருத்தன் உன்னைய மாதிரிதான் நம்பர் யாருக்கு வேணும்னு ஓட்டிக்கிட்டு வந்திருக்கான். என் வண்டியவே நீ அந்த மாதிரி ஆக்கி வுட்டிருக்க. அதுல பொண்ணு மாப்ளய ஒக்கார வச்சு, பூவும் போட்டு!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "கேட்டுக்க. வர்ற தா.பழூர் கல்யாணத்துக்கு நான்தான் வண்டி ஓட்டுவேன். நம்பர் மேல ஒரு பூ தொங்குனாலும் பிச்சு எறிஞ்சுடுவேன்."

"அக்கா, அக்கா, வெவரமில்லாம பேசாதீங்க. அவங்க ஏத்துக்க மாட்டாங்க. தகராறு வந்து என் பேரு கெட்டுச்சுன்னா, இனிமே ஒரு சவாரி உங்களுக்கு வராது. பாத்துக்குங்க."

"வராட்டி போவட்டும்டா."

போனை வைத்தபிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வராட்டி போகட்டும் என்று வாயால் சொல்வது சுலபம். முகூர்த்த சவாரி போய்விட்டால் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விற்கத்தான் வேண்டும். அது அவளுக்கும் தெரியும், ஆசிப்புக்கும் தெரியும்.

ஆசிப் புது ஒயர் இழுத்தான். கீல் இருக்கிற இடத்தில் டிக்கி திறந்து மூட வசதியாக கொஞ்சம் தளர்வு விட்டு, மேலே ரப்பர் குழாய் மாட்டினான். ஒரு போல்ட்டைச் சுற்றி இருந்த பெயிண்டைச் சுரண்டி எர்த் கொடுத்தான். மூடிக்குள் தண்ணி இறங்காமல் இருக்க வளையம் வைத்து இறுக்கினான். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. நம்பர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.

"யோசிச்சுக்குங்கக்கா" என்றான் மெதுவாக. "வயித்துப் பொழப்பு."

"யோசிச்சு யோசிச்சுத்தான் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனேன். போதும்."

இரண்டு நாளில் பொண்ணு வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது பொண்ணின் அம்மா காத்தாயி. முத்தமிழ்செல்வன் வத்தி வைத்துவிட்டான். "நீயா ஓட்டிக்கிட்டு வரேன்னு சொன்னியாமே? வேணாம்மா. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன், மாப்ள வூட்டுக்காரங்க மொகஞ்சுளிப்பாங்க. நானும் புருசன் இல்லாதவதான். என் பொண்ணுக்கு நலுங்கு வைக்கவே என்னைய வுடல. பொண்ணழைப்புக்கு நான் சீர்ப் பாத்திரம் ஏத்துற வேன்லதான் வரப் போறேன். நான் ஏதாச்சும் சொன்னனா?"

"சொல்லணுமுல்லக்கா?"

"சொல்லி?" என்றாள் காத்தாயி. வெற்றிச்செல்வி பதில் யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

இந்தப் போன் வந்த பிறகு வெற்றிச்செல்விக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. யாரோ சொன்னால்கூடப் பரவாயில்லை. பெற்றவளே தன்னைத் தானே பாத்திரத்தோடு பாத்திரமாக வேனில் ஏற்றிக்கொள்கிறாளே! அந்த எரிச்சலிலேயே பொண்ணழைப்பு அன்றைக்கு வண்டியைக் கழுவி, ஒரு நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு தா.பழூருக்குக் கிளம்பினாள்.

முத்தமிழ்செல்வன் அவளைப் பார்த்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பூச்சட்டத்தை எடுத்துக்கொண்டு டிக்கிப் பக்கம் போனான். அவள் நம்பர் பிளேட்டுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். அவன் எந்தப் பக்கம் போனாலும் இவளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். தெருப் பிள்ளைகள் சிரித்தன. கடைசியில் அவன், "எங்கதான் வைக்கறது?" என்று பல்லைக் கடித்தான். பின்கண்ணாடியைக் காட்டினாள். சத்யப்பிரியா என்ற பேரும் மாப்பிள்ளை பேரும் கண்ணாடியில் ஏறின. கீழே நம்பர் முழுசாகத் தெரிந்தது.

அரியலூர் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பொண்ணழைக்க வந்த பெண்கள் தட்டுகளோடு உள்ளே போனார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா ராசாங்கம். மல் வேட்டி, சட்டைப் பையில் போன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"டிரைவரு எங்கம்மா?"

"நாந்தாங்க."

அவர் முதலில் அவள் நெற்றியைப் பார்த்தார், அப்புறம் கழுத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்துப் பேசினார். "யாரு பண்ண ஏற்பாடுடா இது? தாலியறுத்தவ ஓட்டுற வண்டியிலயா எங்க வூட்டு மருமவ வந்து எறங்கறது?"

தட்டு வாங்க வந்தவர்கள், பந்தல்காரர்கள், பக்கத்து வீட்டார் என்று எல்லோருக்கும் கேட்டது.

வெற்றிச்செல்வி சொன்னாள். "என் புருசன் சீக்கு வந்து சாவலீங்க. நம்பர் வெளக்கு இல்லாத வண்டியில வந்த ஒருத்தன் அடிச்சுப் போட்டுட்டு ஓடிட்டான். அவன் இன்னிக்கும் எங்கயாவது நல்ல காரியத்துக்குப் போயி, முன்வரிசையில ஒக்காந்து, ஆசீர்வாதம் பண்ணிட்டு, பந்தியில சாப்புட்டுக்கிட்டுத்தான் இருப்பான். அவன ஒருத்தரும் ஆவாதுன்னு சொல்லல. அடிபட்டுச் செத்தவன் பொண்டாட்டி நான் ஆவாதவளா?"

"ஞாயம் பேசறதுக்கு இப்ப நேரமில்ல. சாவிய அந்தப் பையன்கிட்ட குடு." முத்தமிழ்செல்வனைக் கை காட்டினார்.

அதற்குள் காத்தாயி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். மெலிந்த உடம்பு, வயலிலேயே கறுத்த கை. அந்தக் கையால் வெற்றிச்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்துரும்மா. ஒனக்குப் புண்ணியமாப் போவும். என் பொண்ணு போற எடத்துல பேச்சு வாங்கக்கூடாது. ஒன் கால்ல வேணாலும் வுழறேன்."

ராசாங்கத்தை எதிர்த்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பாள். இவளை எதிர்த்து எப்படி நிற்பது? தோற்றுப் போனோம் என்று வெற்றிச்செல்விக்குத் தெரிந்தது. முந்தானையில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் காத்தாயி கையில் வைத்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் ராசாங்கம் ஜெயித்திருப்பார். அவரால் விட முடியவில்லை. காரியம் முடிந்த தெம்பில் கையை வீசினார்.

"செரி, செரி. பொண்ணு வெளிய வர்ற நேரம். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் ஒதுங்குங்க. எதுக்கால நிக்காதீங்க."

காத்தாயி நகரவில்லை. அவள் காதில் 'ரெண்டு பேரும்' என்றது அப்போதுதான் ஏறியது போலிருந்தது. கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"என்னா சம்பந்தி சொன்னீங்க?"

"ஒதுங்கி நில்லும்மான்னேன்."

"தாலியறுத்தவ பெத்த பொண்ணு ஒங்களுக்கு ஆவுது. தாலியறுத்தவ நாத்து நட்டு, களை பறிச்சு படிக்க வச்ச படிப்பு ஆவுது. அவ எதுக்கால நின்னா மட்டும் ஆவாதா?" அவள் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் ஆவாதுன்னா, என் வயித்துல பொறந்ததும் ஆவாதுங்க. வெறும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போங்க."

ராசாங்கம் வாயைத் திறந்தார். பின்னால் தட்டோடு நின்ற அவர் வீட்டுப் பெண்களில் ஒருத்தி, "கம்முனு இருங்க மாமா" என்றாள். அவள் முகத்தில் அவருக்காக ஒரு துளி இரக்கம் இல்லை.

காத்தாயி சாவியை வெற்றிச்செல்வியின் உள்ளங்கையில் திரும்ப வைத்து, விரல்களை மூடினாள். பாத்திர வேன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அம்பாசிடரின் முன் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். "புள்ளைய வரச் சொல்லுங்க. நல்ல நேரம் போவுது."

சத்யப்பிரியா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். பட்டுப்புடவையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, யாரும் அழைக்கக் காத்திராமல் வந்து பின் சீட்டில் ஏறினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருவர் அவளுக்கு இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டார்கள். ராசாங்கம் அங்கேயும் இங்கேயும் பார்த்துவிட்டு, தான் உட்கார இருந்த முன் சீட்டில் காத்தாயி இருந்ததால் பாத்திர வேனில் போய் ஏறினார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வெற்றிச்செல்வி விளக்கு சுவிட்சைப் போட்டாள். வண்டி தா.பழூர் கடைத்தெருவைத் தாண்டியது. முத்தமிழ்செல்வன் இனிமேல் சவாரி சொல்ல மாட்டான், அது நிச்சயம். நாளைக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது.

ஊர் எல்லை வரைக்கும் விறைத்து உட்கார்ந்திருந்த காத்தாயி, சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வெற்றிச்செல்வி ஆறுதல் சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "அழுவாதீங்கக்கா. திட்டுங்க. அரியலூரு போயிச் சேர இன்னும் நேரம் கெடக்கு, இத்தன வருசத்துக்கும் சேத்து வச்சுத் திட்டுங்க."

காத்தாயி மூக்கைச் சிந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் திட்ட ஆரம்பித்தாள்.